மல்லாட்டைப் புண்ணாக்கும் மூன்று மாதக் குட்டியும்

சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகள் வந்து இறங்கும் நாட்களில் பேச்செல்லாம் காயைப் பற்றித்தான். ஈரம் எவ்வளவு, திரட்சி எப்படி, உடைத்தால் பருப்பு எவ்வளவு தேறும் என்று வியாபாரிகள் ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார்கள். இரண்டு காயை நசுக்கி வாயில் போட்டு மென்றும் பார்ப்பார்கள். அதே கடலை ஆலைக்குப் போய் எண்ணெய் இறங்கிய பிறகு மிஞ்சும் புண்ணாக்கை இப்படி யாரும் சோதிப்பதில்லை. இத்தனைக்கும் 100 கிலோ பருப்பை ஆட்டினால் எண்ணெய் 40 கிலோ சொச்சம்தான். எடையில் பாதிக்கு மேல் புண்ணாக்கு. கடலையின் புரதம் கிட்டத்தட்ட முழுவதும் அந்தப் பாதியில்தான் தங்குகிறது.

அந்தப் புரதம் யாருக்குப் போக வேண்டும் என்பதில் போட்டி அதிகம். கறவை மாட்டுக்கு வேண்டும், கோழித் தீவன ஆலைக்கு வேண்டும், காய்கறித் தோட்டத்துக்கு உரமாகவும் வேண்டும். வரிசையில் கடைசியாக நிற்பது செம்மறிக் குட்டி. கடலைப் புண்ணாக்கின் விலை ஏற ஏற, அதற்குப் பதிலாக வேறு புண்ணாக்குகளைப் போட்டுக் குட்டிகளை வளர்க்கலாமா என்ற கேள்வி நாட்டின் பல ஆராய்ச்சி நிலையங்களில் எழுந்திருக்கிறது. போடலாம், சிலவற்றைத் தாராளமாகவே போடலாம். ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்தில், அதுவும் சேத்துப்பட்டு போன்ற கடலை ஊரில், புதுப் புண்ணாக்கைத் தேடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விற்கிற புண்ணாக்கில் புரதம் எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாதவரை எந்த மாற்றும் குட்டியின் உடம்பில் நடத்தும் சோதனையாகத்தான் இருக்கும்.

குட்டிக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். இந்தப் பகுதியில் மேயும் செம்மறிகளில் பெரும்பாலானவை மெட்ராஸ் ரெட் எனப்படும் சிவப்பு ஆடுகள். கம்பளி இல்லாத, கறிக்கான இனம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் தொடங்கி விழுப்புரம், வேலூர், திருவண்ணாமலை வரை இதன் வாழிடம். பிறக்கும்போது இரண்டரை கிலோ அளவில் இருக்கும் குட்டி, மூன்று மாதத்தில் பால் மறக்கும்போது சுமார் 10 கிலோவைத் தொடும். அதற்குப் பிறகு வரும் மூன்று மாதம்தான் அதன் தசை கட்டும் காலம். மந்தை மேய்ச்சலுக்குப் போகும்போது, நடக்க முடியாத இளங்குட்டிகளை மூங்கில் கொடாப்புக்குள் விட்டு, உள்ளே நாலு கொத்து தழையைக் கட்டித் தொங்கவிட்டுப் போவார்கள். குட்டி முதலில் விளையாட்டாகக் கொறிக்கும், பிறகு தின்னப் பழகும். அப்படித் தின்னத் தின்னத்தான் அதன் பெருவயிறு வளர்கிறது. அந்த வயிற்றில் நுண்ணுயிர்கள் குடியேறி வேலையைத் தொடங்கச் சுமார் இரண்டு மாதம் ஆகிவிடும். அதுவரை குட்டி ஏறக்குறைய ஒற்றை வயிற்று விலங்குதான். வளர்ந்த ஆடு செரித்துத் தள்ளிவிடும் நஞ்சை இந்த வயதுக் குட்டியால் தள்ள முடியாது.

வளரும் குட்டியின் தீவனத்தில் 14 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். கோடையில் அறுத்த தாளிலும் காய்ந்த புல்லிலும் அதில் பாதிகூடத் தேறாது. ‘எங்கள் தாத்தா காலத்தில் ஆட்டுக்கு யார் புண்ணாக்கு போட்டார்கள்?’ என்று மூத்த ஆட்டுக்காரர்கள் கேட்பது நியாயம்தான். அந்தக் காலத்தில் புறம்போக்கு இருந்தது, ஏரிக்கரை இருந்தது, அறுவடை முடிந்த வயலில் கிடை போடச் சொல்லி ஆட்டுக்காரரை அழைத்துப் போக ஆளும் இருந்தது. இன்று மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. குறையும் புரதத்தைக் கையால்தான் கொடுத்தாக வேண்டும்.

கணக்கும் பெரிதில்லை. பால் மறந்த குட்டிக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் புண்ணாக்கு என்று 60 நாள் கொடுத்தால் மொத்தம் 6 கிலோ. பத்துக் குட்டிக்கு ஒரு மூட்டை. கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் குட்டிக்கு 300 ரூபாய் செலவு. உயிர் எடை கிலோ 350 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்தால், மேய்ச்சலில் ஏறுவதற்கு மேல் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறினாலே போட்ட பணம் வந்துவிடும். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கிடாய்களை ஓட்டிப் போகிறவர்களுக்கு அந்த ஒரு கிலோ எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒன்றை நம்பி நிற்கிறது: மூட்டைக்குள் இருப்பது நல்ல புண்ணாக்கு என்பதை.

அங்கேதான் சிக்கல். மானாவாரிக் கடலையை ஆனி, ஆடியில் விதைத்தால் அது ஐப்பசியை ஒட்டி முற்றுகிறது. பிடுங்கிப் போட்ட செடி காய வேண்டிய நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். காய் முற்றும் கட்டத்தில் வறட்சி அடித்திருந்தால் அப்போதே மண்ணுக்குள் பூஞ்சை தொற்றத் தொடங்கியிருக்கும். களத்தில் ஈரம் சேர்ந்தால் அது பெருகும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பூஞ்சை உண்டாக்குவதுதான் அஃப்ளாடாக்சின், கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. பிரித்தெடுக்கும்போது நல்ல பருப்பு விதைக்கும் மிட்டாய்க்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாம் ஆலைக்கு வருகிறது. ஆட்டும்போது நஞ்சில் மிகச் சிறிய பங்குதான் எண்ணெயோடு போகும். மீதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெய் வெளியேறிவிடுவதால், பருப்பில் இருந்ததைவிடப் புண்ணாக்கில் நஞ்சின் செறிவு கூடுதலாகவே இருக்கும்.

உலகம் இந்த நஞ்சை அறிந்துகொண்டதே கடலைப் புண்ணாக்கால்தான். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. நோய்க்குப் பெயர் வைக்கத் தெரியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றார்கள். தேடிப் போனபோது எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவாக இருந்தது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதன் பிறகுதான் அஃப்ளாடாக்சினைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். இன்று ஐரோப்பிய ஒன்றியம் தீவனப் பொருளில் அனுமதிக்கும் அஃப்ளாடாக்சின் பி1 அளவு ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம்தான். வளர்ந்த செம்மறி இந்த நஞ்சை ஓரளவு தாங்கக்கூடிய விலங்கு. குட்டி அப்படியில்லை. பெரும்பாலும் அது சாகவும் செய்யாது. தின்பது குறையும், ரோமம் மங்கும், எடை ஏறாது. ‘இந்தக் குட்டி நோஞ்சான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். புண்ணாக்கின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கலப்படம் தனிக் கதை. புரதத்தை அளக்கும் பழைய முறை 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் வகுத்தது. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று கணக்கிடுவார்கள். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்த முறைக்குத் தெரியாது. 2007இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன நாய், பூனைத் தீவனப் பொருளில் மெலமைன் கலந்ததும், அடுத்த ஆண்டு சீனாவிலேயே குழந்தைகளின் பால்மாவில் கலந்ததும் இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். நம் ஊர்ப் புண்ணாக்கில் அதே வேலையை யூரியா செய்கிறது. ஆமணக்குத் தோல், உமி, மண் ஆகியவை எடைக்காகச் சேர்கின்றன. பெருவயிறு வளராத குட்டிக்கு யூரியா உயிருக்கே ஆபத்து.

இனி மாற்றுகளுக்கு வருவோம். எள்ளுப் புண்ணாக்கில் புரதம் 35 முதல் 40 சதவீதம். வெல்லத்தோடு மனிதர்களே தின்னும் பொருள் அது, குட்டிக்கு அதில் பயமில்லை. கடலைப் புரதத்தில் குறைவாக உள்ள மெத்தியோனைன் எள்ளில் நிறைய உண்டு. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலப்பது குட்டிக்கு மிக நல்ல ஏற்பாடு. விலைதான் தடை. தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் வாசனைக்காகவே குட்டி விரும்பித் தின்னும். புதிதாகத் தீவனம் பழக்குகிறவர்கள் ஒரு பிடி தேங்காய்ப் புண்ணாக்கைத் தூளாக்கித் தூவினால் வேலை சுலபம். சூரியகாந்தியில் தோல் நீக்காமல் ஆட்டியது நார் மிகுந்தது. ஆறு மாதக் கிடாய்க்குச் சரி, மூன்று மாதக் குட்டிக்குச் சரிப்படாது.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு தமிழ்நாட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பழகிய பொருள். அதில் காசிப்பால் என்ற நிறமி இருக்கிறது. அசைபோடும் வயிறு வளர்ந்த விலங்கு அதைக் கட்டிப்போட்டுவிடும், பால்குட்டியால் முடியாது. எனவே பால் மறந்து சில வாரம் கழிந்த பிறகு, அதுவும் கலவையில் ஒரு பங்காக மட்டும் கொடுக்கலாம். காசிப்பால் மிகக் குறைந்த விதையைத் தரும் பருத்தியை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி உருவாக்கினார். 2018இல் அமெரிக்க வேளாண் துறை அதைப் பயிரிட அனுமதித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே கனடாவும் இதே வழியில்தான் போனது. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீடின் புண்ணாக்கைக் கால்நடைகள் ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. தீங்கான பொருட்கள் குறைந்த வகைகளை 1970களில் இனவிருத்தி செய்து அதைக் கனோலாவாக்கினார்கள். இன்று உலகத் தீவனச் சந்தையில் சோயாவுக்கு அடுத்த இடத்தில் நிற்பது அதுதான். நஞ்சுள்ள புண்ணாக்கை நல்ல தீவனமாக்க வயலிலேயே வேலை செய்தால் பலன் நிலைக்கும் என்பதற்கு இரண்டும் சான்று.

வேம்பும் புங்கமும் வேறு வகை. சாலையோரம் கொட்டிக் கிடக்கும் புங்கங்காயைப் பார்க்கும் எவருக்கும் இது வீணாகிறதே என்று தோன்றும். இஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இந்த இரண்டையும் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. வேப்பங்கொட்டைப் புண்ணாக்கை நீரில் அலசியும் யூரியாவில் ஊறவைத்தும் கசப்பைக் குறைத்துப் பார்த்தார்கள். புங்கம் புண்ணாக்கைப் பதப்படுத்தி, வளரும் செம்மறிக் குட்டிகளின் தீவனத்தில் சோயாப் புரதத்தின் ஒரு பங்குக்குப் பதிலாகக் கொடுத்த ஆய்வுகள் 2009இல் வெளியாயின. புங்கத்தில் உள்ள கரஞ்சின் என்ற பொருள்தான் தடை. ஆய்வகத்தில் அளந்து, பதப்படுத்தி, நிறுத்துக் கொடுத்தால் ஒரு பங்குக்கு இடமுண்டு. சேத்துப்பட்டில் ஒரு வீட்டுக் கொல்லையில் அண்டாவில் ஊறவைத்து இதைச் செய்யச் சொல்வது சரியாகாது. எவ்வளவு நஞ்சு வெளியேறியது என்று அங்கே யார் அளப்பார்கள்? அலசிய கசப்புத் தண்ணீர் எங்கே போகும்? ஒரு தீவன ஆலை பொறுப்பேற்றுச் செய்யும்வரை வேப்பம் புண்ணாக்கும் புங்கம் புண்ணாக்கும் வயலுக்கு உரமாகவே போகட்டும். இலுப்பையும் அப்படித்தான், அதன் சபோனின் குளத்து மீனையே மயக்கிவிடும். ஆமணக்கில் ரைசின் இருக்கிறது. 2000களில் பயோடீசலுக்காகப் பரப்பப்பட்ட காட்டாமணக்கில் ஃபோர்பால் எஸ்டர்கள் இருக்கின்றன. இந்த இரண்டின் மூட்டையும் ஆட்டுத் தீவனம் இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது.

மலேசியாவின் அனுபவம் இதில் கவனிக்கத்தக்கது. அங்கே செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவு, தாராளம். மாடுகளுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. நம்பிச் செம்மறிகளுக்கு நீண்ட நாள் அதிகமாகக் கொடுத்தபோது கல்லீரலில் செம்பு சேர்ந்து ஆடுகள் செத்தன. மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் ஆகும் செம்பின் அளவு செம்மறிக்கு ஆகாது. மாட்டுத் தீவனத்தையும் தாது உப்பையும் அப்படியே குட்டிக்கு வைக்கிறவர்கள் இங்கும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோயாப் புண்ணாக்கு இருக்கிறதே என்பார்கள். 45 சதவீதப் புரதம், தரம் சீரானது. ஆனால் அது நம் கையில் இல்லை. 2021இல் சோயாப் புண்ணாக்கின் விலை தாறுமாறாக ஏறியபோது கோழிப் பண்ணைகள் தவித்தன. அந்த ஆகஸ்டில் மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. பெரும் பண்ணைகளே அசைந்துபோன சந்தையை நம்பிப் பத்து ஆடு வைத்திருப்பவர் குட்டி வளர்க்க முடியாது.

ஊரிலேயே கிடைக்கும் இன்னொரு புரதத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கடலைக் கொடிதான் அது. இலை உதிராமல் காயவைத்த கொடியில் 10 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கும். நெல் தாளில் அதில் பாதிகூட இல்லை. வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டுத் தூக்கினால் இலையெல்லாம் களத்தில் உதிர்ந்து தண்டு மட்டும் போரில் ஏறும், புரதம் மண்ணோடு போய்விடும். காலை ஈரப்பதத்தில் கொடியைப் புரட்டி, நிழலில் ஆறவிட்டுப் போர் போட்டால் குட்டிக்குக் கொடுக்க வேண்டிய புண்ணாக்கின் அளவே குறையும். இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் காயோடு கொடியின் தரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஐசிஜிவி 91114 என்ற கடலை ரகம் ஆந்திரத்தின் அனந்தபுரத்தில் பரவியது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டிஎம்வி ரகங்கள் இந்தப் பகுதி விவசாயிகளுக்குத் தலைமுறைகளாகப் பழக்கம். இனி வரும் ரகங்களில் கொடியின் தரத்தையும் ஓர் அளவுகோலாக அந்த நிலையம் வைத்துக்கொள்வது நல்லது.

மரச்செக்கு மீண்டும் வந்திருப்பது நல்ல செய்தி. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறியது. எண்ணெயோடு புண்ணாக்கும் அங்கேயே நின்றது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கமும், அதை நடத்திய தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பாவும் கிராமச் செக்கை வற்புறுத்தியதற்கு ஒரு காரணம், ஊரிலேயே ஆட்டினால் புண்ணாக்கு ஊர் மாட்டுக்குக் கிடைக்கும் என்பது. ஆனால் செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கூடுதலாகத் தங்கும். குட்டியின் மொத்தத் தீவனத்தில் கொழுப்பு மிஞ்சினால் பெருவயிற்றில் நார் செரிப்பது தடைபடும். சில வாரத்திலேயே காறல் வாடையும் வந்துவிடும். செக்குப் புண்ணாக்கை வாங்கிய கையோடு பயன்படுத்த வேண்டும், மழைக்காலத்துக்கென்று மூட்டை கட்டி அடுக்கக் கூடாது. ஊறவைத்த புண்ணாக்கை மறுநாளுக்கு வைப்பதும் வேண்டாம். முதல் நாளே 100 கிராம் என்று தொடங்காமல் பத்து நாளில் படிப்படியாக அந்த அளவுக்கு வர வேண்டும். தீவனம் திடீரென்று மாறும்போதுதான் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வந்து, கொழுகொழுவென்று இருக்கும் குட்டியை ஒரே இரவில் கொண்டுபோகும். தடுப்பூசி போட்ட பிறகே தீவனத்தைக் கூட்டுவது பாதுகாப்பு.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2011இல் ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடு கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு தொடங்கியது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் செம்மறி 45 லட்சம், நாட்டில் ஐந்தாவது இடம். ஆடு கொடுத்த அரசு தீவனத்தின் தரத்தைக் கவனிக்காமல் விட்டது சரியில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாதிரி கொடுத்தால் புரதம், ஈரம், அஃப்ளாடாக்சின் எல்லாம் பார்த்துச் சொல்வார்கள். சேத்துப்பட்டிலிருந்து அது அரை நாள் பயணம். ஒரு மூட்டைப் புண்ணாக்கு வாங்கும் பெண் அதில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குப் பேருந்து ஏற மாட்டார். ஏறச் சொல்வதும் முறையில்லை.

எனவே சோதனை மூட்டை புறப்படும் இடத்திலேயே நடக்க வேண்டும். விற்பனைக் கூடத்தில் கடலையின் ஈரத்தை அளக்கிற அதே மேசையில், அஃப்ளாடாக்சினைச் சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டையும் இருக்கலாம். 8 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள காயைச் சேமிப்புக்கு ஏற்காமல் உலர்த்தும் களத்துக்குத் திருப்பலாம். மழை நாளில் விவசாயி காயை உலர்த்தக் கூரையுள்ள களமோ உலர்த்தி இயந்திரமோ கூடத்துக்குள்ளேயே வேண்டும். அதைச் செய்யாமல் ஈரக் காய் கொண்டுவந்தார் என்று விவசாயியைக் குற்றம் சொல்ல முடியாது. கறுத்த பருப்பைத் தனியாக ஆட்டி, அந்தப் புண்ணாக்கை உரம் என்று எழுதி மட்டுமே விற்க வேண்டும். ஆலையோ செக்கோ, விற்கும் ஒவ்வொரு மூட்டையிலும் ஆட்டிய தேதி, புரதம், எண்ணெய் அளவு மூன்றும் இருக்க வேண்டும். திருவண்ணாமலையில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் மாதம் ஒரு முறை மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து நாமக்கல்லுக்கு அனுப்பி, முடிவை விற்பனைக் கூடத்துப் பலகையில் ஒட்டலாம்.

பலகையில் எண் ஏறிவிட்டால் விலையைப் பார்க்கும் விதமும் மாறும். கிலோ 50 ரூபாய்க்கு 40 சதவீதப் புரதமுள்ள புண்ணாக்கு வாங்கினால் ஒரு கிலோ புரதம் 125 ரூபாய். கிலோ 36 ரூபாய்க்கு மலிவாகக் கிடைத்ததில் 24 சதவீதம்தான் என்றால் ஒரு கிலோ புரதம் 150 ரூபாய். எள்ளா, தேங்காயா, பருத்தியா, கடலையா என்று குட்டி வளர்க்கும் பெண் அன்றன்றைய விலையை வைத்துத் தானே கணக்குப் போட்டு வாங்குவார். ஐப்பசிக் கடலை வருவதற்குள் முதல் பலகையைச் சேத்துப்பட்டில் மாட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.